மல்லாங்கிணற்றில் மெக்கானிக் வேலை பழகும் இளைஞருக்கு: கிளட்ச் பிளேட் குறித்து

கிளட்ச் பிளேட் தேய்வதற்கென்றே செய்யப்பட்ட உறுப்பு. என்ஜினோடு சுழலும் பிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் அது இறுகியிருக்கும்போது தேய்வதில்லை. பெடலை முழுதாக மிதித்துப் பிடி விட்டபோதும் தேய்வதில்லை. பிடித்தும் பிடிக்காமலும் வழுக்குகிற அரை கிளட்ச் நேரத்தில்தான் அதன் ஆயுள் கரைகிறது. பெடல் மேலேயே காலை ஊன்றி ஓட்டுபவருக்கு அந்த நேரம் நாள் முழுக்க நீள்கிறது.

மல்லாங்கிணறு, காரியாபட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழி எல்லாம் சமதரை. மலைப்பாதையில் ஓடும் காரைவிட இங்கே கிளட்ச் நெடுநாள் வர வேண்டும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் கரிசல் களியாகிவிட்டால், சிக்கிய வண்டியை அரை கிளட்சில் உறுமவிட்டே எடுக்கப் பார்ப்பார்கள். புது பிளேட்டும் ஒரே மாலையில் கருகிவிடும். சக்கரத்துக்கு அடியில் சாக்கைப் போட்டு நான்கு பேர் தள்ளுவது எவ்வளவோ மலிவு.

கியர் சரியாக விழவில்லை என்று வரும் எல்லாக் காருக்கும் பிளேட் போயிருக்காது. ஆக்ஸிலேட்டரை மிதிக்க இரைச்சல் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் பிளேட் வழுக்குகிறது. கியர் கரகரவென்று விழுந்தால் பிளேட் முழுதாக விடுபடவில்லை: கேபிள் தளர்ந்திருக்கலாம், ஹைட்ராலிக் வகையில் ஆயில் கசிந்தோ காற்றுப் புகுந்தோ இருக்கலாம். பெடலை மிதிக்கும்போது மட்டும் சத்தம் எழுந்தால் பெரும்பாலும் ரிலீஸ் பேரிங். மிதித்ததும் சத்தம் அடங்கினால் கியர்பாக்ஸின் இன்புட் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். கேபிளைத் திருகினால் தீரும் கோளாறுக்குக் கியர்பாக்ஸை இறக்குவது, தெரியாமல் செய்தால் பிழை. தெரிந்தே செய்தால் திருட்டு.

இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால் கணக்கு மாறுகிறது. பிளேட் எளிதில் கிடைக்கும்; லூக் கிளட்ச் செய்யும் தொழிற்சாலை ஓசூரிலேயே இருக்கிறது. கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலியே பில்லில் பெரும்பங்காகிவிடும். பிளேட்டை மட்டும் மாற்றிப் பழைய பேரிங்கையே மறுபடி பூட்டினால், அது போகும் அன்று அந்தக் கூலியை வண்டிக்காரர் இன்னொரு முறை அழ வேண்டும். ஆகவே பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் செட்டாகவே மாறுவது முறை. கிராங்க் ஆயில் சீல் கசிகிறதா என்றும் அப்போதே பார்த்துவிட வேண்டும்; எண்ணெய் பட்ட பிளேட் எத்தனை புதிதானாலும் வழுக்கும். சில டீசல் கார்களில் உள்ள டூயல் மாஸ் பிளைவீலும் போயிருந்தால் செலவு பல மடங்காகும். அந்தத் தொகையை வேலை தொடங்கும் முன்பே சொல்வதுதான் நேர்மை. உதிரிபாகங்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். பழைய 28 சதவீதக் கணக்கில் விலை சொல்லக் கூடாது. தேய்மான உறுப்பு என்பதால் கம்பெனி வாரன்டி பொதுவாகக் கிளட்சுக்குக் கிடையாது.

பழைய பிளேட்டின் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். கழற்றிய செட்டை, வண்டிக்காரர் கேட்காவிட்டாலும், பில்லோடு அவரிடமே கொடுத்துவிட வேண்டும்.