முட்டிச் சில்லு உடைந்தால்: நஷ்டஈடு வாங்கும் வழி

செஞ்சிக்குக் கிழக்கே உள்ள மேல்சித்தாமூரை ஜினகாஞ்சி மடத்துக்காகவும் பார்சுவநாதர் கோயிலுக்காகவும் தமிழ்ச் சமணர்கள் எல்லோருக்கும் தெரியும். ஊரைச் சுற்றி நெல்லும் மல்லாட்டையும் (நிலக்கடலையும்) விளைகிற நிலம். மல்லாட்டைக் கொடியைப் பிடுங்கிப் போட்டதும் பெண்கள் மர நிழலில் ஒரு காலை மடக்கி, ஒரு காலைக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து காயை ஆய்வார்கள். பார்ப்பவர்களுக்குக் கை வேலையாகத்தான் தெரியும். நாள் முழுக்க அந்த உட்காரலைத் தாங்குவது முட்டி. முட்டியின் முன்னால் வட்டமாக இருக்கிற சின்ன எலும்புதான் சில்லு. அது உடைந்தவர் எலும்பு கூடிய பிறகு எழுந்து நடந்துவிடலாம். பழையபடி குத்தவைத்து உட்காருவதுதான் கஷ்டம்.

மல்லாட்டை ஆயும் 42 வயதுப் பெண் ஒருவர், வேலை முடிந்து கணவரின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து வீடு திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். எதிரே தவறான பக்கம் ஏறி வந்த கார் இடிக்கிறது. முட்டி கார் பம்பரில் மோதிச் சில்லு இரண்டாகப் பிளக்கிறது. அவர் வாங்க வேண்டிய நஷ்டஈட்டை எப்படி வாங்குவது என்று படிப்படியாகப் பார்க்கலாம்.

முதல் இரண்டு நாள்

108-ஐ அழைத்தால் செஞ்சி அல்லது திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கோ, முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கொண்டுபோவார்கள். தனியார் மருத்துவமனை என்றாலும் பணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிவைக்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2025-ல் மத்திய அரசும் ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதன்படி விபத்து நடந்த நாளிலிருந்து 7 நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய்க்குள் பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம்.

வலியின் நடுவே பலரும் கோட்டைவிடுவது அவசரப் பிரிவு மேசையில்தான். பணியில் இருக்கும் டாக்டர் விபத்துப் பதிவேட்டைத் திறந்து, "எப்படிம்மா அடிபட்டுது?" என்று கேட்கிறார். "வண்டியிலேர்ந்து விழுந்துட்டேன் சார்" என்று பதில் வருகிறது. அவர் அதை அப்படியே எழுதிக்கொள்கிறார். இரண்டு வருஷம் கழித்து இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் அந்த ஒரு வரியைத்தான் நீதிமன்றத்தில் வாசிப்பார்: தானாக விழுந்தவர், எங்கள் கார் இடிக்கவே இல்லை. ஆகவே கூட வந்தவர் டாக்டரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும்: இத்தனை மணிக்கு, இந்த இடத்தில், இந்த எண்ணுள்ள கார் இடித்தது. எண் தெரியாவிட்டால் 'கார் இடித்தது' என்றாவது பதிவாக வேண்டும். 'ஏ.ஆர். காப்பி' என்று எல்லோரும் சொல்கிற இந்தத் தாள் வழக்குக்கு அஸ்திவாரம்.

புத்தூர் கட்டு பற்றியும் சொல்ல வேண்டும். எலும்பு முறிந்தால் புத்தூருக்கு வண்டி பிடிப்பது வட தமிழ்நாட்டில் தலைமுறைப் பழக்கம். ஆனால் சில்லு இரண்டாகப் பிளந்து விலகியிருந்தால், தொடைத் தசை மேல் துண்டை மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். வெளியே போடும் கட்டு அந்தத் துண்டுகளைச் சேர்க்காது. கம்பி வைத்து இழுத்துக் கட்டும் ஆபரேஷன் பெரும்பாலும் தேவைப்படும். வழக்கு நோக்கில் பார்த்தாலும் எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி, ரசீது எதுவும் இல்லாத வைத்தியத்தைத் தீர்ப்பாயத்தில் நிரூபிப்பது பெரும்பாடு.

காவல் நிலையத்தில்

கார்க்காரர் வீட்டு ஆட்கள் பெரும்பாலும் அன்று மாலையே வந்துவிடுவார்கள். "கேஸ் எல்லாம் எதுக்கு? ஆஸ்பத்திரி செலவ நாங்க பாத்துக்கறோம்" என்பார்கள். கையில் ஒரு தொகையும் கொடுப்பார்கள். முட்டி எப்படிக் கூடும், எத்தனை ஆபரேஷன் ஆகும் என்பது டாக்டருக்கே தெரியாத நேரம் அது. அந்த நேரத்தில் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம். நஷ்டஈட்டை வழக்கமாகக் கட்டப்போவது கார்க்காரருடைய இன்சூரன்ஸ் கம்பெனி என்பதை அவர்களுக்கும் எடுத்துச் சொல்லலாம். பல சமரசப் பேச்சுகள் அந்த இடத்திலேயே அடங்கிவிடும்.

புகார் கொடுத்ததும் வெறும் மனு ரசீதோடு திரும்பிவிடக் கூடாது. எஃப்.ஐ.ஆர். போட வேண்டும். எலும்பு முறிவு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-வது பிரிவின்படி கொடுங்காயம். அஜாக்கிரதையாக ஓட்டியதற்கு 281, கொடுங்காயம் விளைவித்ததற்கு 125(பி) என்று பிரிவுகள் வரும். காயம் சாதாரணமானது என்று எழுதியிருந்தால் எக்ஸ்ரே அறிக்கையைக் காட்டித் திருத்தச் சொல்ல வேண்டும். நிலையத்தில் புகாரை வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். அதிலும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகள் காவல்துறைக்கும் கெடு வைத்திருக்கின்றன. விபத்து நடந்து 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையும், 90 நாளுக்குள் விரிவான அறிக்கையும் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். அந்த அறிக்கையையே நஷ்டஈட்டு மனுவாகத் தீர்ப்பாயம் எடுத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். அறிக்கை போய்விட்டதா என்று விசாரணை அதிகாரியிடம் கேட்டு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். காரின் இன்சூரன்ஸ் விவரத்தை எம்-பரிவாஹன் செயலியில் எண்ணைப் போட்டே பார்த்துவிடலாம்.

மனு: எங்கே, எப்போது, யார் மேல்?

வக்கீல்கள் 'எம்.சி.ஓ.பி.' என்று சொல்கிற மனு இது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-வது பிரிவில் போடுவது. விபத்து நடந்த ஊர், காயம்பட்டவர் குடியிருக்கும் ஊர், எதிர்த்தரப்பினர் இருக்கும் ஊர் என எந்த எல்லைக்கு உட்பட்ட தீர்ப்பாயத்திலும் போடலாம். கோயம்பேட்டில் அடிபட்டவர்கூட விழுப்புரம் மாவட்டத்திலேயே வழக்கு நடத்தலாம் என்பது கிராமத்துக் குடும்பங்களுக்குப் பெரிய உதவி. எதிர்மனுதாரர்களாக வண்டியின் சொந்தக்காரரையும் இன்சூரன்ஸ் கம்பெனியையும் கட்டாயம் சேர்க்க வேண்டும். டிரைவரையும் சேர்ப்பது வழக்கம்.

கெடு 6 மாதம். 2022 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த திருத்தம் இது. இதை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. தாமதம் என்ற ஒரே காரணத்தால் மனுக்களைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்தது. இடைக்கால உத்தரவு எப்போது வேண்டுமானாலும் மாறலாம். கட்டு பிரித்ததும் போடலாம், ஊன்றுகோலை விட்டதும் போடலாம் என்று தள்ளிப்போடாமல் 6 மாதத்துக்குள் மனுவை எண்ணிட வைத்துவிட வேண்டும்.

இடித்த வண்டி நிற்காமல் போய், அடையாளமே தெரியவில்லை என்றால் வேறு வழி. 2022-ம் ஆண்டுத் திட்டத்தின்படி கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய், மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய். இதற்குக் கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வண்டி தெரியும், ஆனால் யார்மேல் தப்பு என்று நிரூபிப்பது சிரமம் என்றால் 164-வது பிரிவு இருக்கிறது. தவறை நிரூபிக்கத் தேவையில்லாமல் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய். எந்தப் பிரிவில் போவது என்று முடிவெடுக்கும் முன், கீழே வரும் கணக்கை வக்கீலோடு உட்கார்ந்து போட்டுப் பார்ப்பது நல்லது.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையா? பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் தர சட்டப் பணிகள் ஆணைக்குழு கடமைப்பட்டிருக்கிறது. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

சதவீதத்தை எப்படிப் பணமாக்குவது?

வழக்கின் உயிர் இங்கேதான். சில மாதம் கழித்து மருத்துவ வாரியம் முட்டியைப் பரிசோதித்து, கால் எத்தனை டிகிரி மடங்குகிறது என்று அளந்து ஊனத்தைச் சதவீதமாகச் சொல்லும். தமிழ்நாட்டுத் தீர்ப்பாயங்களில் 1 சதவீதத்துக்கு 3,000 அல்லது 5,000 ரூபாய் என்று பெருக்கிக் கொடுக்கும் முறை வெகுநாளாக இருக்கிறது. 15 சதவீதம் என்றால், 5,000 வீதம் 75,000 ரூபாயோடு அந்தத் தலைப்பு முடிந்துவிடும்.

உச்ச நீதிமன்றம் 2010-ல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் வேறு வழி காட்டியது. அந்த மனிதர் பாலாடைக்கட்டி விற்பவர். இடது கால் எலும்புகளும் கை எலும்பும் முறிந்தவர். காலுக்கு 45 சதவீத ஊனம் என்று சான்றிதழ் இருந்தது. நீதிமன்றம் அதை முழு உடலுக்கு 25 சதவீதமாகவும், சம்பாதிக்கும் திறன் இழப்பை 20 சதவீதமாகவும் மதிப்பிட்டது. இடது கை போனால் தச்சருக்கும் டிரைவருக்கும் பிழைப்பே போய்விடும், அரசு குமாஸ்தாவுக்கு வேலை நிலைக்கக்கூடும் என்ற விளக்கமும் அந்தத் தீர்ப்பில்தான் இருக்கிறது. சான்றிதழில் ஒரே எண் இருந்தாலும், செய்யும் தொழிலைப் பொறுத்து இழப்பு மாறும்.

மல்லாட்டை ஆயும் பெண்ணுக்கு இதைப் பொருத்துவோம். மாத வருமானம் 12,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். பிரணய் சேத்தி தீர்ப்பின்படி (2017) 40 முதல் 50 வயதுக்குள் இருக்கும் சுயதொழில் செய்பவருக்கு எதிர்கால உயர்வாக 25 சதவீதம் சேரும்: 15,000. வருடத்துக்கு 1,80,000. சர்லா வர்மா தீர்ப்பின்படி (2009) 41 முதல் 45 வயது வரை பெருக்கு எண் 14. பெருக்கினால் 25,20,000. சம்பாதிக்கும் திறனில் 15 சதவீதம் போனது என்றால் 3,78,000 ரூபாய். அதே முட்டிக்கு, அதே 15 சதவீதத்துக்கு ஒரு கணக்கில் 75,000, இன்னொரு கணக்கில் ஐந்து மடங்கு. நிரந்தர ஊனம் ஏற்பட்ட வழக்கிலும் எதிர்கால உயர்வைச் சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் உறுதிசெய்துவிட்டது.

இந்தப் பெருக்குமுறை தானாகக் கிடைக்காது. சாட்சிக் கூண்டில் அவர் தன் வேலையைச் சொல்ல வேண்டும். "கால் வலிக்குது" என்பது போதாது. களை எடுக்கக் குத்தவைத்து உட்கார முடியவில்லை, நடவு நட வரப்பிலிருந்து சேற்றில் இறங்க முடியவில்லை, உட்கார்ந்தால் எழ ஒரு ஆள் கை கொடுக்க வேண்டியிருக்கிறது, முன்பு ஒரு நாளில் ஆய்ந்ததில் பாதிகூட இப்போது முடியவில்லை, அதனால் கூலி ஆட்களின் கொத்தில் கூப்பிடுவதில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். கூலி கொடுத்த நிலக்காரர் ஒருவரையும் சாட்சியாக அழைக்கலாம். சம்பளச் சீட்டு இல்லையே என்று கவலை வேண்டாம். சையது சாதிக் வழக்கில் (2014) காலை இழந்த காய்கறி வியாபாரி ஒருவருக்கு, எழுத்து ஆதாரம் எதுவும் கேட்காமல் மாதம் 6,500 ரூபாய் வருமானத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. விபத்து நடந்தது 2008-ல்.

இதற்கு மேல் தனித்தனித் தலைப்புகள் உண்டு: சிகிச்சைச் செலவு, படுத்திருந்த மாதங்களின் கூலி, கூட இருந்து பார்த்துக்கொண்டவருக்கான தொகை, போக்குவரத்து, சத்துணவு, வலியும் வேதனையும், வாழ்வின் சாதாரண சுகங்களை இழந்தது. வீட்டு ஆள்தான் பார்த்துக்கொண்டார் என்றாலும் கேட்கலாம். முண்டியம்பாக்கத்துக்கு ஆட்டோவில் போன தேதிகளை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். முட்டியில் வைத்த கம்பியைப் பின்னால் எடுக்க இன்னொரு ஆபரேஷன் வரலாம். அதற்கான மதிப்பீட்டை டாக்டரிடம் எழுத்தில் வாங்கி இப்போதே மனுவில் சேர்த்துவிட வேண்டும்.

எதிர்த்தரப்பு சொல்லப்போவது

ஹெல்மெட் போடவில்லை, மூன்று பேர் போனார்கள், மொபெட்காரருக்கு லைசென்ஸ் இல்லை. இந்த மூன்றும் வழக்கமாக வரும். விதி மீறல் வேறு, விபத்துக்குக் காரணம் வேறு. மூன்று பேர் போனது மட்டுமே காயம்பட்டவரின் பங்குத் தவறு ஆகிவிடாது, அது விபத்துக்கோ காயத்துக்கோ காரணமாக இருந்தது என்று காட்ட வேண்டும் என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தலையில் ஹெல்மெட் இருந்திருந்தால் முட்டிச் சில்லு தப்பியிருக்குமா என்று உங்கள் வக்கீல் திருப்பிக் கேட்கலாம்.

நடுவில் லோக் அதாலத்துக்கு வரச் சொல்லலாம். போகலாம். பணம் சீக்கிரம் கையில் வரும். ஆனால் அங்கே ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல் அப்பீல் கிடையாது. மருத்துவ வாரியச் சான்றிதழ் கைக்கு வரும் முன் எந்தத் தொகைக்கும் தலையாட்ட வேண்டாம்.

தீர்ப்புக்குப் பிறகு

தொகை குறைவு என்று தோன்றினால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். தொகைக்கு வட்டியும் சேரும். பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வரும்படி பாஸ்புக் நகலைக் கொடுத்துவையுங்கள். வெற்றுக் காசோலையிலோ வெற்றுத்தாளிலோ யாருக்கும் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டாம்.

இடித்தது அரசுப் பேருந்து என்றால் நிலைமை கொஞ்சம் மாறும். பல போக்குவரத்துக் கழகப் பேருந்துகளுக்கு இன்சூரன்ஸ் கிடையாது. கழகமே கட்ட வேண்டும். தீர்ப்பு வந்தும் பணம் வராமல் இழுத்தடித்தால் நிறைவேற்று மனு போட வேண்டும். அதன் பிறகுதான் செய்தித்தாள்களில் அடிக்கடி பார்க்கிற அந்தக் காட்சி: நீதிமன்ற அமீனா பேருந்து நிலையத்துக்கு வந்து பேருந்தின் கண்ணாடியில் ஜப்தி நோட்டீஸை ஒட்டுவார், பயணிகள் மூட்டை முடிச்சோடு இறங்கி அடுத்த வண்டியைத் தேடுவார்கள், பேருந்து நீதிமன்ற வளாகத்துக்குப் போகும். கழகம் பணத்தைக் கட்டினால்தான் அது வெளியே வரும்.