ஒரு பெரும் பகா எண்

ஒன்றாலும் தன்னாலுமன்றிப் பிறிதோர் எண்ணாலும் மீதியின்றி வகுபடாத, ஒன்றினும் பெரிய முழு எண் பகா எண் எனப்படும். 2, 3, 5, 7, 11 என்பன அவ்வகையின. இவற்றிற்கு முடிவில்லை என்பதைக் கிரேக்க அறிஞர் யூக்ளிட் பண்டே நிறுவினார். ஆயினும், குறித்ததொரு பேரெண் பகா எண்ணோ அன்றோ எனத் துணிதல் எளிதன்று. இதனை ஓர் உதாரணத்தால் விளக்குவாம்.

முப்பத்தோர் இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வருந்தொகையினின்று ஒன்றைக் கழிப்பின் 2,14,74,83,647 கிடைக்கும். பிரெஞ்சுத் துறவியாகிய மெர்சென் 1644-இல் வெளியிட்ட பகா எண் வரிசையில் இதனையும் சேர்த்தார், நிரூபணம் தந்தாரில்லை. அவ்வரிசையில் அறுபத்தேழு இரண்டுகளால் அவ்வாறே ஆக்கப்பட்ட எண்ணும் இருந்தது. அது பகு எண் என 1876-இல் லூக்காஸ் காட்டினார். ஆதலின் பெரியோர் வாக்காயினும் சான்று இன்றியமையாதது.

நம் எண்ணுக்குச் சான்று அளித்தவர் ஆய்லர். ஓர் எண் இரு காரணிகளாகப் பிரியின் அவற்றுட் சிறியது அவ்வெண்ணின் வர்க்கமூலத்தை விஞ்சாது. ஈண்டு அவ்வெல்லை 46,340. அதற்குட்பட்ட பகா எண்கள் ஏறக்குறைய 4,800 உள. அவை அனைத்தாலும் வகுத்துப் பார்க்க வேண்டுவதில்லை. இதனை வகுக்கும் பகா எண் எதுவாயினும், அதனை 62-ஆல் வகுக்க மீதி 1 வருதல் வேண்டும். 8-ஆல் வகுக்க மீதி 1 அல்லது 7 வருதல் வேண்டும். இரண்டையும் இணைத்து நோக்கின், 248-ஆல் வகுக்க 1 அல்லது 63 மீதியாகும் எண்களே எஞ்சும். எல்லைக்குள் அத்தகையன 373. அவற்றுள்ளும் பகா எண்களைச் சோதித்தலே அமையும். எதுவும் இதனை வகுக்கவில்லை. 1772-இல் இம்முடிவை வெளியிட்டபொழுது ஆய்லர் ஏறத்தாழ முற்றும் பார்வையிழந்திருந்தார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இவ்வெண்ணை முப்பது இரண்டுகளின் பெருக்குத்தொகையாற் பெருக்கின் ஒரு நிறையெண் தோன்றும். 6 = 1 + 2 + 3 என்பதுபோலத் தன்னினும் சிறிய வகுத்திகளின் கூட்டுத்தொகைக்குச் சமமாவதே நிறையெண். இதனினும் பெரிய நிறையெண்ணை எவரும் காணப்போவதில்லை என்றும், இவை வியப்புக்கன்றிப் பயனுக்காகா ஆதலின் தேட முயல்வாரிலர் என்றும் ஆங்கிலக் கணிதர் பார்லோ 1811-இல் எழுதினார்.

அவ்விரு கூற்றும் பொய்த்தன. 1876-இல் லூக்காஸ் 39 இலக்கமுள்ள பகா எண்ணைக் கண்டார். அதனின்றும் பெரியதொரு நிறையெண் பிறந்தது. 2024-இல் கணிப்பொறிகளின் துணையால் 4,10,24,320 இலக்கமுள்ளதும் அறியப்பட்டது. பயனும் வெளிப்பட்டது. 1 முதலாக ஓர் எண்ணை 16,807-ஆற் பெருக்கி, ஆய்லரின் எண்ணால் வகுத்து, மீதியை மீண்டும் அவ்வாறே பெருக்கி வகுத்துச் செல்லின், 2,14,74,83,646 எண்கள் ஒவ்வொன்றும் ஒருமுறை வந்த பின்னரே முதலெண் திரும்பும். வகுக்கும் எண் பகா எண்ணாதலின் மீதி ஒருகாலும் பூச்சியமாகாது. ஒழுங்கின்றித் தோன்றும் இவ்வெண்வரிசை, 1969 முதல் கணிப்பொறிச் சோதனைகளுக்கு உதவலாயிற்று.

ஆகவே மாணவர் ஓர் உண்மையைப் பயனில்லதெனத் தள்ளுமுன், ஆய்லருக்கும் அதன் பயனுக்கும் இடையே ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கிடந்தன என்பதைச் சிந்திப்பாராக.