தண்ணீரில் பேணுதல்

 

மனிதனின் அன்றாடப் பழக்கங்களை மாற்றுவதில் உடல்நலத்தைப் பற்றிய அச்சத்துக்கு இருக்கும் வலிமை வேறெதற்கும் எளிதில் வாய்ப்பதில்லை. ‘சர்க்கரை கூடிவிட்டது’ என்று டாக்டர் ஒரு வார்த்தை சொன்னால், நாற்பது வருடப் பழக்கமான இனிப்புத் தேநீர் மறுநாள் காலையிலேயே நின்றுவிடுகிறது. ஊரில் மஞ்சள் காமாலை என்று கேள்விப்பட்டால் அன்றே தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறோம். 2020ஆம் ஆண்டில் கொரோனா வந்தபோது பள்ளிவாசல்களில் ஜமாஅத் நின்றது. ஜும்ஆவுக்குப் பகரமாக வீட்டில் லுஹர் தொழுதோம். பள்ளிகள் திறந்த பின்னரும் வீட்டிலேயே ஒளுச் செய்து, சொந்த முஸல்லாவைக் கையில் எடுத்துச் சென்று, ஸஃப்பில் இடைவெளி விட்டு நின்றோம்.

இந்த அச்சத்தை மார்க்கம் குறை கூறுவதில்லை. தம் கைகளாலேயே தம்மை அழிவில் போட்டுக்கொள்ளலாகாது என்று அல்லாஹ் எச்சரிக்கிறான் (அல்குர்ஆன் 2:195). ஆயினும் அச்சத்துக்கும் ஓர் அளவு உண்டு; ஒரு திசையும் உண்டு. மார்க்கம் அதை எங்கே ஏற்கிறது, எங்கே நிறுத்துகிறது, எங்கே அடுத்தவர் பக்கம் திருப்புகிறது என்பதைத் தண்ணீரைப் பற்றிய மஸ்அலாக்களைக் கொண்டே பார்ப்போம்.

1. அச்சம் சட்டமாகும் இடம்

ஷாபிஈ மத்ஹபின் கித்தாபுகளில் ‘சுத்தம்’ பற்றிய பாடத்தின் தொடக்கத்திலேயே ‘முஷம்மஸ்’ என்றொரு தண்ணீர் பேசப்படும். வெயிலில் சூடேறிய தண்ணீர் என்பது இதன் பொருள். வெப்பமான நாட்டில், தங்கமும் வெள்ளியும் அல்லாத, தட்டி நீட்டக்கூடிய உலோகப் பாத்திரத்தில் வெயிலால் சூடேறிய நீரை, அந்தச் சூடு இருக்கும்போதே உடம்பில் பயன்படுத்துவது மக்ரூஹ். ஆறிவிட்டால் மக்ரூஹ் இல்லை. துணி துவைத்தாலும் இல்லை. உலோகத்திலிருந்து கிளம்பும் பொருள் தோலில் பட்டு வெண்குஷ்டம் உண்டாகலாம் என்ற அக்கால மருத்துவர்களின் கூற்றே இதற்குக் காரணம்.

இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள் இதை வெறுப்பது மருத்துவக் காரணத்துக்காக மட்டுமே என்று தெளிவாக்கினார்கள். பின்னால் வந்த இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தம் ‘மின்ஹாஜ்’ நூலில் இதை மக்ரூஹ் என்றே எழுதினார்கள். ஆயினும் ‘மஜ்மூஉ’, ‘ரவ்ளா’ நூல்களில், ஆதாரப்படி மக்ரூஹ் இல்லை என்ற சொல்லையே தேர்ந்தெடுத்தார்கள். இதில் நமக்குப் பெரிய பாடம் இருக்கிறது. உடலுக்குத் தீங்கு வரும் என்று நம்பத் தகுந்தவர் சொன்னால் இமாம்கள் செவிசாய்த்தார்கள். அந்தக் கூற்று உறுதிப்படுகிறதா என்று பின்னும் ஆராய்ந்தார்கள். இன்று மொட்டைமாடியில் பிளாஸ்டிக் தொட்டியில் சூடேறும் நீர், உலோகம் என்ற ஷர்த்து இல்லாததால், இந்த மஸ்அலாவுக்குள் வராது.

தயம்முமின் சட்டமும் இவ்வாறே. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு தாத்துஸ் ஸலாஸில் படையெடுப்பில் ஹள்ரத் அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களுக்குக் கடுங்குளிர் இரவில் குளிப்புக் கடமையாயிற்று. குளித்தால் உயிருக்கு ஆபத்து என்று அஞ்சித் தயம்மும் செய்து, தோழர்களுக்கு ஸுப்ஹு தொழவைத்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் விசாரித்தபோது, தங்களைத் தாங்களே கொன்றுகொள்ள வேண்டாம் என்ற கருத்துள்ள இறைவசனத்தை (4:29) எடுத்துச் சொன்னார்கள். பெருமானார் சிரித்தார்கள், வேறொன்றும் கூறவில்லை. இது அபூதாவூதில் உள்ளது.

அதே நூலில் இன்னொரு நிகழ்ச்சி. தலையில் காயமுற்ற ஒருவருக்குக் குளிப்புக் கடமையானபோது, ‘உமக்குச் சலுகை இல்லை’ என்று கூட இருந்தோர் சொல்லிவிட்டனர். அவர் குளித்தார், இறந்தார். செய்தி எட்டியதும் நாயகம் (ஸல்) அவர்கள் கடுமையாகக் கோபித்தார்கள். தெரியாதபோது கேட்டறிவதன்றோ அறியாமைக்கு மருந்து என்று கண்டித்தார்கள். உடல்நலத்தை அலட்சியம் செய்து தீனைக் காப்பதாக எண்ணுவோர் இதைப் பன்முறை படிக்க வேண்டும்.

2. அச்சம் நிற்க வேண்டிய இடம்

எல்லா அச்சமும் சலுகையாகிவிடாது. உயிர் போகும், உறுப்புக் கெடும், நோய் நீளும், வெளியில் தெரியும் உறுப்பில் அவலட்சணமான வடு உண்டாகும் என்பன போன்ற அச்சத்துக்கே தண்ணீரை விட்டுத் தயம்முமுக்குச் செல்ல அனுமதி உண்டு. அதுவும் தானே மருத்துவம் அறிந்தவராக இருக்க வேண்டும். அல்லது நம்பிக்கைக்குரிய மருத்துவர் சொல்லியிருக்க வேண்டும். ‘மார்கழிக் குளிர், தண்ணீர் சில்லென்றிருக்கிறது’ என்ற அளவில் தயம்மும் கூடாது. காய்ச்ச வசதியிருந்தால் காய்ச்சிக்கொள்ள வேண்டும்.

இன்னொரு வகை அச்சம் ‘வஸ்வாஸ்’. கை கழுவியவர் மறுபடி கழுவுவார். முழங்கை நனைந்ததா என்று நான்காம் முறை, ஐந்தாம் முறை ஊற்றுவார். குழாய் ஓடிக்கொண்டே இருக்கும். இது பேணுதல் போலத் தோன்றும். உண்மையில் ஷைத்தானின் விளையாட்டு. உறுதியானது சந்தேகத்தால் நீங்காது என்பது பிக்ஹின் ஐந்து பெரும் விதிகளுள் ஒன்று. ஒளுவின் முறையைக் கேட்டுவந்த ஒரு கிராமவாசிக்கு நாயகம் (ஸல்) அவர்கள் மும்மூன்று முறை கழுவிக் காட்டி, இதற்கு மேல் கூட்டியவர் வரம்பு மீறி அநியாயம் செய்தவராவார் என்று எச்சரித்தார்கள் (நஸாயீ, இப்னுமாஜா).

பெருமானார் ஒரு முத்து அளவுத் தண்ணீரில் ஒளுச் செய்வார்கள். ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரை உள்ள நீரில் குளிப்பார்கள் என்று ஹள்ரத் அனஸ் (ரலி) அறிவிப்பது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. முத்து என்பது ஷாபிஈ கணக்கில் ஏறத்தாழ அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை. ஹனபி கணக்கில் ஏறத்தாழ 1 லிட்டர். ஓடும் ஆற்றின் கரையில் இருந்தாலும் ஒளுவில் வீண்விரயம் உண்டு என்று ஹள்ரத் ஸஅது (ரலி) அவர்களிடம் கூறியதாக வரும் அறிவிப்பின் தொடரில் ஹதீஸ் கலை வல்லுநர்களுக்குப் பேச்சு உண்டு. எனினும் அதன் கருத்தை வைத்து, கடற்கரையில் அமர்ந்து ஒளுச் செய்தாலும் விரயம் மக்ரூஹ் என்று இமாம்கள் எழுதியிருக்கிறார்கள்.

அது நமக்குச் சொந்தமான தண்ணீரில். பள்ளிவாசலின் தண்ணீரோ ஒளுவுக்கென வக்பு செய்யப்பட்டது. அதில் மூன்று முறைக்கு மேல் கழுவுவது ஹராம் என்று நம் மதரஸாக்களில் ஓதிக் கொடுக்கப்படும் ‘பத்ஹுல் முஈன்’ போன்ற கித்தாபுகள் கூறுகின்றன. வீட்டில் மக்ரூஹாக இருப்பது பள்ளியில் ஹராமாகிவிடுகிறது என்பதை எத்தனை பேர் அறிந்திருக்கிறோம்?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 பேர் ஐவேளை தொழும் பள்ளியில் ஆளுக்கு ஒரு முறை 5 லிட்டர் செலவானால் நாளொன்றுக்கு 5,000 லிட்டர். ஆளுக்கு 1 லிட்டர் போதுமென்றால் 1,000 லிட்டர். மிச்சம் 4,000 லிட்டர், கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருக்கும் அதே மஹல்லாப் பெண்களின் தண்ணீர்.

3. அடுத்தவருக்காக அஞ்சும் இடம்

தூங்கி விழித்தவர் மூன்று முறை கழுவாமல் கையைப் பாத்திரத்துக்குள் விட வேண்டாம். குடிக்கும்போது பாத்திரத்துக்குள் மூச்சு விட வேண்டாம். இரவில் பாத்திரங்களை மூடி வையுங்கள். தேங்கி நிற்கும் நீரில் சிறுநீர் கழிக்க வேண்டாம். நீர்த்துறையிலும், நடைபாதையிலும், நிழலிலும் மலம் கழித்து மக்களின் சாபத்துக்கு ஆளாகாதீர்கள் — இவையெல்லாம் நாயகம் (ஸல்) அவர்களின் கட்டளைகள். இவற்றின் பலன் யாருக்கு? அதே பாத்திரத்தில் அடுத்துக் குடிப்பவருக்கு, அதே துறையில் அடுத்து இறங்குபவருக்கு, அதே நிழலில் அடுத்து ஒதுங்கும் வழிப்போக்கருக்கு.

கொள்ளைநோய் பற்றிய ஹதீஸிலும் இதைக் காணலாம். நோய் பரவிய ஊருக்குள் போகாதீர்கள் என்பது ஒரு பாதி. அது நம்மைக் காக்கும். நோய் பரவிய ஊரில் இருந்தால் அங்கிருந்து தப்பியோடாதீர்கள் என்பது மறு பாதி; அது வெளியூராரைக் காக்கும். ஹள்ரத் உமர் (ரலி) அவர்கள் ஷாமுக்குச் செல்லும் வழியில் ஸர்க் என்ற இடத்தில் கொள்ளைநோய்ச் செய்தி கேட்டுத் திரும்பியதும், ஹள்ரத் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ப் (ரலி) அவர்கள் இந்த ஹதீஸை எடுத்துரைத்ததும் புகாரியில் உள்ளது. உள்ளே இருந்த தளபதி ஹள்ரத் அபூஉபைதா (ரலி) அவர்கள் ஊரை விட்டு வெளியேறாமலே இருந்து, ஹிஜ்ரி 18இல் அம்வாஸ் கொள்ளைநோயில் மறைந்தார்கள். முதல் பாதியைப் பின்பற்ற எவரும் முன்வருவர். இரண்டாம் பாதிக்குத்தான் ஈமான் தேவைப்படுகிறது.

4. பாலாற்றங்கரை கேட்கும் கேள்வி

இனி நம் வாசலுக்கே வருவோம். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரங்களில் தோல் பதனிடுதல் பல தலைமுறைகளாக நம்மவர்களின் தொழில். பதனிட்டால் தோல் சுத்தமாகிறது என்பது ஹதீஸ். எனவே தொழில் ஹலால். அதன் வருமானத்தில் பள்ளிவாசல்கள் எழுந்தன, மதரஸாக்கள் நடந்தன, 1919இல் தோன்றிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி தோல் வணிகர்களின் கொடையும் சேர்ந்து வளர்ந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுப்பு இத்தொழிலால் எரிகிறது. நம் குர்பானித் தோல்களும் கடைசியில் அங்கேதான் போய்ச் சேருகின்றன.

முன்னாளில் ஆவாரம்பட்டை போன்றவற்றால் பதனிட்டார்கள். 1970களில் அரைகுறையாகப் பதனிட்ட தோல்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு, குரோமிய உப்புக்களால் பதனிடும் முறை வேகமாகப் பரவிற்று. கெடாமலிருக்கத் தோலில் தடவிய உப்பும், பதனிடும் ரசாயனமும் கழிவுநீரில் கலந்து பாலாற்று மணலிலும், நிலத்தடி நீரிலும், வயற்கிணறுகளிலும் இறங்கின. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் தொழில் நடக்கும் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போயிற்று என்றும், ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும் அத்தீர்ப்பில் குறிக்கப்பட்டது. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும். சந்தேகமிருந்தால் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்னும் இரு விதிகளை நீதிமன்றம் நிலைநாட்டியது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. இருந்தும் துயரம் முழுதும் தீரவில்லை; 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் இதே பாலாற்று மாசு குறித்து மறுபடி தீர்ப்பளிக்க நேர்ந்தது.

இவ்விரு விதிகளையும் கேட்டு நாம் வியக்க வேண்டியதில்லை. தீங்கு நீக்கப்பட வேண்டும் என்பதும் பிக்ஹின் ஐந்து பெரும் விதிகளுள் ஒன்று. தண்ணீரிலும் புல்லிலும் நெருப்பிலும் முஸ்லிம்கள் பங்காளிகள் என்பது அபூதாவூதில் உள்ள நபிமொழியின் கருத்து. தண்ணீரின் நிறமும் ருசியும் வாடையும் மாறிவிட்டதா என்று பார்த்து ஒளுச் செய்யக் கற்ற சமுதாயம் நாம். கிணற்று நீரின் நிறமும் ருசியும் மாறிவிட்டது என்று பக்கத்து ஊர் விவசாயி முறையிடும்போது, அந்த நீரில் ஒளுக் கூடுமா என்ற கேள்வி ஒருபுறம் இருக்கட்டும். அதைக் குடிக்கும் அவர் பிள்ளையின் நிலை என்ன? நம் வீட்டில் சுத்திகரிக்கும் இயந்திரம் மாட்டிக்கொண்டோம். அவருடைய ஹக்கை எங்கே மாட்டுவது? அல்லாஹ்வின் ஹக்கில் தவ்பா உண்டு. அடியாரின் ஹக்கோ அவரிடமே தீர்க்கப்பட வேண்டியது. அவர் எந்த மதத்தவராயினும் சரியே.

5. இன்றே தொடங்கக் கூடியவை

(1) நாளை ஸுப்ஹுக்கு ஒளுச் செய்யும்போது குழாயின் கீழ் ஒரு வாளியை வைத்து, எவ்வளவு நீர் சேருகிறது என்று அளந்து பாருங்கள். பிறகு ஒரு லிட்டர் செம்பில் ஒளுச் செய்து பழகுங்கள்.

(2) முத்தவல்லிகள் ஒளுச் செய்யும் இடத்தில் மெல்லிய ஓட்டமுள்ள குழாய்களை அமைக்கட்டும். சொட்டும் குழாயை அன்றே பழுது பார்க்கட்டும். வக்பு நீர் விரயமானால் பொறுப்பில் அவர்களுக்கும் பங்குண்டு.

(3) ஒளுச் செய்து வடியும் நீர் தானே சுத்தமானது. மறுபடி ஒளுவுக்கு உதவாது என்பதே சட்டம். எனவே அதைச் சாக்கடையில் விடாமல் பள்ளித் தோட்டத்து மரங்களுக்கும் உறிஞ்சு குழிக்கும் திருப்பலாம்.

(4) குர்பானியின் இரத்தத்தையும் கழிவையும் வாய்க்காலிலோ குளத்திலோ கொட்டாமல் ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள்.

(5) தோல் தொழில் செய்யும் சகோதரர்கள், அதிகாரி வரும் நாளில் மட்டும் சுத்திகரிப்பு இயந்திரம் ஓடினால் போதுமென்று எண்ண வேண்டாம். இரவில் வடிகால் மதகைத் திறந்தாலும் பார்ப்பவன் ஒருவன் இருக்கிறான்.

உடல்நலத்துக்காக ஒரே நாளில் பழக்கத்தை மாற்றிக்கொள்ளும் சக்தியை அல்லாஹ் நமக்குத் தந்திருக்கிறான் என்பதை நாம் பலமுறை அனுபவத்தில் கண்டுவிட்டோம். அதே சக்தியை நம் அண்டை அயலாரின் கிணற்றுக்காகவும், வரப்போகும் தலைமுறையின் ஆற்றுக்காகவும் பயன்படுத்துவது நம்மீது கடன். நமக்கு அளித்த ஒவ்வொரு துளி நீருக்கும் நாளை கணக்குக் கொடுக்க வேண்டியவர்கள் நாம். வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அதற்குரிய பேணுதலைத் தந்து தவ்பீக் செய்தருள்வானாக! ஆமீன்.