மலக்கடுப்பு

நோய்களுட் சிலவற்றை மக்கள் பலரறிய எடுத்துரைப்பர். சிலவற்றை உற்றாரிடத்தும் மறைப்பர். மறைக்கப்படுவனவற்றுள் ஒன்று மலக்கடுப்பு. அதன் இயல்பையும் காரணங்களையும் ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வாம்.

முதற்கண் சொல்லை நோக்குவோம். கடுத்தல் என்னும் சொல்லுக்கு மிகுதல், விரைதல், நோதல் முதலிய பொருள்கள் உள. நோவும் விரைவும் ஒருங்கே அமைந்த இவ்வுணர்ச்சிக்கு அப்பெயர் மிகப் பொருந்தும். மேனாட்டு மருத்துவர் இதனை டெனஸ்மஸ் என்பர். அது இழுத்தல், முக்குதல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது. நம் மொழி நோயாளி உணர்வதைக் கூற, அம்மொழி அவன் செய்வதைக் கூறுகின்றது.

மலக்கடுப்பாவது, மலக்குடலில் ஒன்றும் இல்லாதபோதும், சிறிதே எஞ்சியுள்ளபோதும், மலங்கழிக்க வேண்டும் என்ற உந்துதல் ஓயாது எழுதலாம். சென்றவன் சிறிது சளியோ குருதியோ கழித்து, அல்லது யாதும் கழியாது மீள்வான். மீண்டவுடன் அவ்வுந்துதல் மறுபடியும் எழும்.

இது நிகழுமாறு எங்ஙனம்? பெருங்குடலின் இறுதியிலுள்ள மலக்குடல் ஏறத்தாழ 12 முதல் 15 சென்டிமீட்டர் நீளமுடையது. மலம் வந்து நிறையுங்கால் அதன் சுவர் விரியும். அவ்விரிவை உணரும் நரம்புகள் தண்டுவடத்திற்கும் மூளைக்கும் செய்தி விடுக்கும். உட்சுருக்குத்தசை தானே நெகிழும்; வெளிச்சுருக்குத்தசையோ நம் விருப்பத்திற்கு அடங்கியது. ஆதலின் நாம் காலமும் இடமும் நோக்கிக் கழிக்கின்றோம். சுவரில் அழற்சி உண்டாயின் அதன் விரியுந்தன்மை குன்றும். நரம்புகளும் சிறு தூண்டலுக்கே கிளர்ச்சியுறும். அங்கே கட்டியொன்று வளரினும், மலம் நிறைந்ததாகவே நரம்புகள் அறிவிக்கும். வருவார் ஒருவருமின்றி வாயில்மணி ஒலித்தல் போன்றது இது. மணியின் பழுதை ஆராயாது கதவைத் திறந்து திறந்து மூடுதலாற் பயன் யாது?

காரணங்களுள் நம் நாட்டார் நன்கறிந்தது சீதபேதி. 1875-இல் ஃபெடோர் லெஷ் என்பார் ருசியாவின் பீட்டர்ஸ்பர்க் நகரில் ஒரு நோயாளியின் மலத்தில் அமீபாவைக் கண்டார். 1897-இல் ஜப்பானில் சீதபேதி 90,000-க்கு மேற்பட்டோரைப் பற்றியபோது, கியோஷி ஷிகா என்பார் மற்றொரு கிருமியைக் கண்டறிந்தார். அவ்வினத்திற்கு அவர் பெயராலேயே ஷிகெல்லா என்று பெயர் வழங்குகின்றது. இவையன்றிப் பெருங்குடல் அழற்சிப்புண், கிரோன் நோய், மூலம், இறுகிய மலச்சிக்கல், இடுப்பில் அளித்த கதிர்ச்சிகிச்சை, சில பால்வினை நோய்கள், மலக்குடற் புற்று ஆகியனவும் காரணமாதல் கூடும்.

அறிகுறி ஒன்றாயினும் மருந்து ஒன்றன்று. அமீபாவிற்குரியது வேறு, ஷிகெல்லாவிற்குரியது வேறு, புற்றிற்குரியது முற்றிலும் வேறு. மலச்சோதனையும், வேண்டுமிடத்து அகநோக்கிக் கருவியாற் பார்த்தலுமே இவற்றைப் பிரித்தறிவிக்கும். நம்மவரோ, "வயிறு சுத்தமாகவில்லை" என்று விளக்கெண்ணெய் குடிப்பர். அழற்சியுற்ற குடலைப் பேதி மருந்தாற் கலக்குதல் வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுதலை ஒக்கும். ஓயாது முக்குதலும் தீதே, மூலம் மிகும், சீதபேதியுற்ற குழந்தைகளுக்குச் சில வேளை மலக்குடலே வெளித்தள்ளும். அக்குழந்தைகளின் உயிருக்குப் பெரும்பகை நீரிழப்பாதலின், மருத்துவரிடம் சேர்க்கும்வரை உப்புச் சர்க்கரைக் கரைசலை அளவறிந்து சிறிது சிறிதாகப் புகட்டல் வேண்டும்.

குருதி கழிதல், காய்ச்சல், உடல் மெலிதல் என்பவற்றுள் ஒன்று உடன் தோன்றினும், கடுப்பு ஒரு சில நாட்களுக்குமேல் நீடிப்பினும், மருத்துவரை நாடுதல் கடன். மூலமென்று தாமே துணிந்து வாளாவிருப்போர், புற்றை எளிதில் நீக்கத்தகும் காலத்தை இழத்தலும் உண்டு. அங்ஙனம் இழப்பித்தது நோயன்று, நாணமே.

திருவள்ளுவர் நாணுடைமை என்னும் அதிகாரத்திற் போற்றும் நாணம் தகாத செயல் பற்றியது. நோய் நாம் செய்த செயலன்று. ஆதலின் அதனை உரியாரிடம் உரிய காலத்தில் உரைத்தற்கு நாம் நாண வேண்டுவதில்லை.