காந்தக் கலத்தினுள் ஓடும் மின்சாரம்

கதிரவனின் நடுவே ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ஒன்றோடொன்று பிணைந்து ஆற்றலை வெளியிடுகின்றன. அத்தகைய பிணைப்பை நிலவுலகில் நிகழ்த்த வேண்டுமாயின், வாயுவைப் 10 கோடி டிகிரிக்கு மேல் சூடாக்குதல் வேண்டும். அவ்வெப்பத்தில் அணுக்களினின்று எலெக்ட்ரான்கள் பிரிந்துவிடுகின்றன; அந்நிலையே பிளாஸ்மா எனப்படும். அதனை அடைத்து வைக்க எந்தப் பாண்டமும் உதவாது. ஆதலின் காந்தப் புலமே கலமாக அமைகின்றது.

சோவியத் அறிஞர்களாகிய இகோர் டாம், ஆந்திரே சாகரவ் ஆகியோரின் கருத்தினின்று, 1950-களில் 'டோக்கமாக்' என்னும் வளையக் கருவி தோன்றிற்று. உளுந்து வடை போன்ற அதன் உடலைச் சுற்றியுள்ள கம்பிச் சுருள்கள் ஒரு புலத்தைத் தருகின்றன. அது மட்டும் போதாது; பிளாஸ்மா வெளிப்புறமாக நழுவிவிடும். பிளாஸ்மாவினூடே மின்னோட்டம் பாய்ந்தால் மற்றொரு புலம் எழும். இரண்டும் சேர, காந்தக் கோடுகள் கயிற்றின் புரிகளைப்போல் முறுக்கிக்கொள்கின்றன. அம்முறுக்கே பிளாஸ்மாவைப் பிடித்து நிறுத்துவது.

அம்மின்னோட்டம் எவ்வாறு பிறக்கின்றது? மின்மாற்றியின் முறையாலேயே. நடுவிலுள்ள சுருளின் மின்னோட்டத்தை மாற்றிக்கொண்டே போனால், பிளாஸ்மா வளையம் ஒரே சுற்றுடைய துணைச்சுருளாக நின்று மின்சாரம் பெறுகின்றது. ஆனால் அம்மாற்றத்துக்கு ஓர் எல்லை உண்டு. எல்லை வந்ததும் உந்துதல் நின்றுவிடும். வளையத்து மின்னோட்டமும் ஓயும்.

இக்குறையைப் பெரிதும் தணிக்கும் வழி பிளாஸ்மாவினுள்ளேயே மறைந்திருந்தது என்பதே வியப்பு. வளையத்தின் உட்பக்கத்தில் புலம் வலிமை மிக்கது. சில துகள்கள் அதனை ஊடுருவ மாட்டாமல், சுவரில் எறிந்த பந்தைப்போல் திரும்புகின்றன. குறுக்குவெட்டில் வரைந்தால் அவற்றின் வழி வாழைப்பழம் போல் வளைந்திருக்கும். அறிஞர்களும் அதனை 'வாழைப்பழப் பாதை' என்றே வழங்குகின்றனர். துகள்கள் நடுவில் செறிந்தும் ஓரத்தில் அருகியும் இருப்பதால், எதிரெதிர்த் திசைகளில் செல்பவை ஓரிடத்தில் சமமாக இரா. அவ்வேற்றத்தாழ்வு மோதல்களால் ஏனைய எலெக்ட்ரான்களுக்கும் பரவ, வெளியுதவியின்றியே ஒரு மின்னோட்டம் எழுகின்றது. இங்கிலாந்தில் கல்ஹாம் ஆய்வுக்கூடத்து பிக்கர்டன், கானர், டெய்லர் ஆகிய மூவரும் 1971-இல் இதனைக் கணக்கால் எடுத்துரைத்தனர். 1980-களில் சோதனைகள் அதனை மெய்ப்பித்தன.

கணக்கிடுதல் எளிதன்று. வெப்பம் மிகுந்தால் பிளாஸ்மாவின் மின்தடை குறையும். தடை குறைந்த நடுப்பகுதியில் மின்னோட்டம் குவியும். அது புலத்தின் முறுக்கை மாற்றும். முறுக்கு மாறினால் வெப்பம் தங்கும் அளவும் மாறும். ஆகவே கணிப்பொறி, வளையத்தை வெங்காயத் தோல்கள் போன்ற மெல்லிய அடுக்குகளாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் வெப்பத்தையும் அடர்த்தியையும் மின்னோட்டத்தையும் கணந்தோறும் திருத்திக்கொண்டே செல்கின்றது.

கணக்குப் பிழைத்தால் விளைவு பெரிது. பிரான்சு நாட்டுக் கடராஷில் எழுப்பப்பட்டுவரும் ஈட்டர் உலையில் 1.5 கோடி ஆம்பியர் பாய வேண்டும் என்பது திட்டம். அத்துணை மின்னோட்டம் ஒரு விநாடிக்குள் சிதைந்தால் சுவரின் மேற்பரப்பு உருகவும்கூடும், கலமே குலுங்கும்.

அதே ஊரிலுள்ள 'வெஸ்ட்' என்னும் சிறிய கருவி, 2025 பிப்ரவரி 12-இல், 1,337 விநாடிகள் பிளாஸ்மாவை அணையாமல் காத்தது. அத்துணை நேரம் மின்மாற்றியை மட்டும் நம்பியிருக்க இயலாது. செலுத்தப்பட்ட நுண்ணலைகள் எலெக்ட்ரான்களை ஒரே திசையில் தள்ளிக்கொண்டே இருந்தன.