வெளிநாட்டுப் படிப்பு: முதலில் கணக்கு, பிறகு கையெழுத்து

உயர்தரப் பரீட்சை முடிவு வந்ததும் குருவிட்டத் தோட்டங்களில் ஒரு பேச்சு எழும். "இசட் புள்ளி பத்தலீங்க. வெளிநாட்டுல படிக்க வைக்கலாமுன்னு ஒருத்தர் சொல்றாரு. சங்கிலிய அடகு வைக்கவா?" என்று ஒரு தாய் எங்களிடம் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலையே இங்கே பாடமாக எழுதுகிறோம்.

செலவை நான்காகப் பிரியுங்கள்: படிப்புக் கட்டணம், தங்குமிடமும் சாப்பாடும், பயணமும் வீசாவும், வங்கியில் காட்ட வேண்டிய பணம். ஏஜென்சிக்காரர் முதலாவதை உரக்கச் சொல்வார். குடும்பத்தைக் கடனில் தள்ளுவது நான்காவது.

ஜேர்மனியை எடுத்துக்கொள்வோம். அங்கே பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் இல்லை. "சும்மா படிக்கலாம்" என்பது இதைத்தான். ஆனால் ஒரு வருட வாழ்க்கைச் செலவுக்குப் பணம் இருப்பதாக வீசாவுக்குக் காட்ட வேண்டும். பலரும் அதை முடக்கிய கணக்கொன்றில் போட்டுக் காட்டுகிறார்கள். 2024 செப்டெம்பரில் அந்தத் தொகை 11,904 யூரோவானது. போன பிறகு மாதம் 992 யூரோ வீதம் பிள்ளை எடுத்துச் செலவழிக்கலாம்.

ஒரு யூரோ 300 ரூபா என்று குறைத்துப் போட்டாலும் 35 இலட்சத்து 71 ஆயிரத்து 200 ரூபா. அதே 2024 செப்டெம்பரில் நமது அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. அந்தச் சம்பளத்தில் இது 2,645 பேர். மாதம் 25 பேர் விழுந்தாலும் ஏறக்குறைய ஒன்பது வருடம், அதுவும் ஒரு சதம் செலவழிக்காமல்!

"பணத்தை நாங்க காட்டுறோம், வட்டி மட்டும் கட்டுங்க" என்பார்கள் சிலர். நம்பாதீர்கள். பொய்க் கணக்கு பிடிபட்டால் வீசாவும் இல்லை, கொடுத்த காசும் இல்லை. மீற்றர் வட்டி மட்டும் லயத்து வாசலில் நிற்கும்.

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது. இலங்கை மாணவருக்கு இந்திய அரசு புலமைப்பரிசில் தருகிறது. பட்டப்படிப்புக்கு நேரு நினைவுப் புலமைப்பரிசில். முதுமாணிப் படிப்புக்கு மௌலானா ஆசாத் புலமைப்பரிசில். படிப்புக் கட்டணத்தோடு மாதப் படி, தங்குமிடப் படி, புத்தகச் செலவு எல்லாம் அதில் அடங்கும். டொக்டர் படிப்புக்கு இவை கிடையாது. தெரிவில் நமது கல்வி அமைச்சுக்கும் பங்குண்டு. விண்ணப்ப அறிவித்தல் வரும்போது பத்திரிகையைத் தவறவிடாதீர்கள்.

உள்நாட்டிலும் கதவு உண்டு. அரச பல்கலைக்கழகத்தில் கட்டணம் இல்லை. வசதி குறைந்தவருக்கு 1981இல் தொடங்கிய மஹாபொல உதவியும் உண்டு. தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென்றே சீவெட் எனப்படும் கல்வி நிதியம் இருக்கிறது. கண்டியிலுள்ள இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயத்தில் அதைப் பற்றி விசாரிக்கலாம்.

இன்றே செய்யக்கூடியவை மூன்று:

1. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பரீட்சைச் சான்றிதழ் மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் சாதாரண தர வகுப்பிலேயே திருத்துங்கள். கடைசி நேரத்தில் ஓடினால் விண்ணப்பத் திகதி போய்விடும்.

2. அந்தப் பட்டத்தை இலங்கையில் ஏற்பார்களா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் கேளுங்கள்.

3. நான்கு செலவையும் எழுத்தில் தரச் சொல்லுங்கள். தர மறுப்பவரிடம் காசு கொடுக்காதீர்கள்.

அந்தத் தாயின் சங்கிலி இன்னும் அவர் கழுத்தில்தான் இருக்கிறது. மகள் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பம் நிரப்புகிறாள். நீங்களும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு கொப்பியில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.