கணினிக்குள் ஓடும் தண்ணீரை எதைக் கொண்டு கவனிப்பது?

ஒகேனக்கலில் இன்று பரிசல் உண்டா, அருவியில் குளிக்கலாமா என்பதை மாவட்ட நிர்வாகம் பிலிகுண்டுலு கணக்கைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. காவிரி தமிழகத்துக்குள் நுழையும் அந்த இடத்தில் மத்திய நீர்வள ஆணையம் வினாடிக்கு இத்தனை கன அடி என்று அளந்து சொல்கிறது. கரையில் நிற்பவருக்கு ‘தண்ணி நிறைய வருது’ என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. வாட்டர் கூலிங் போட்ட வீட்டுக் கணினிக்கும் இதே கேள்விதான்: ஓட்டத்தைக் கண்ணால் பார்த்தால் போதுமா, எண்ணாகத் தெரிய வேண்டுமா?

தண்ணீர் நின்றால் ப்ராசஸர் எரிந்துவிடும் என்று பயப்படத் தேவையில்லை. பெரும்பாலான இன்டெல் சிப்புகள் 100 டிகிரியை நெருங்கும்போதும், ஏஎம்டி ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவை 95 டிகிரியிலும் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆபத்து பம்புக்கும் குழாய்க்கும்தான். டி5 வகைப் பம்பின் பேரிங்குக்கு உள்ளே ஓடும் தண்ணீர்தான் உயவு. வறண்டு ஓடினால் தேய்ந்துவிடும். பெட்ஜி (PETG) பிளாஸ்டிக் குழாய்க்கு 60 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீர் ஆகாது. இளகி, மூட்டில் கசியும். கசிவுக்குக் கீழேதான் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிறது.

காசே செலவில்லாத வழி, பம்பின் சுழற்சி வேகத்தை மதர்போர்டில் பார்ப்பது. ஆனால் பம்பு சுழல்வது வேறு, தண்ணீர் ஓடுவது வேறு. காற்று அடைத்துக்கொண்டாலும் குழாய் மடங்கினாலும் எண் அழகாகவே காட்டும். சீல் செய்து வரும் ஏஐஓ கூலர் வைத்திருப்பவர்களுக்கு வேறு வழியில்லை. மீட்டர் பொருத்த இடமே கிடையாது. தண்ணீரின் வெப்பநிலையையும் காட்டும் மாடலாகப் பார்த்து வாங்குவது நல்லது.

அடுத்தது, கண்ணாடிக்குள் சுழலும் சின்னச் சக்கரம். முதன்முறை தண்ணீர் நிரப்பிக் காற்றை வெளியேற்றும்போது இதைப் போல உதவுவது வேறில்லை. அதன் பிறகு கேபினெட்டை எட்டிப் பார்ப்பவர் யார்? இதை மட்டும் நம்பி இருக்க நான் சொல்ல மாட்டேன்.

என் சிபாரிசு பல்ஸ் சென்சார். சக்கரத்தில் காந்தம், பக்கத்தில் ஹால் சென்சார்; ஒவ்வொரு சுற்றுக்கும் மின்துடிப்பு. அதன் 3 பின் வயரை விசிறி இணைப்பில் செருகினால் மதர்போர்டு அதை விசிறி என்றே நினைத்து ஆர்பிஎம் காட்டும். அசூஸின் உயர்ரக ஆர்ஓஜி போர்டுகள் சிலவற்றில் இதற்கென்றே தனி இணைப்பு உண்டு. ஹெச்டபிள்யூ இன்ஃபோ மென்பொருளில் பெருக்கெண் கொடுத்தால் லிட்டராக மாறிவிடும், அலாரமும் வைக்கலாம். எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ஒய்எஃப் எஸ்201 சென்சார் பக்கம் போக வேண்டாம். அது அரை அங்குலக் குழாய்க்கானது, நிமிடத்துக்கு 1 லிட்டருக்கு மேல்தான் அளக்கும். கணினிக்கென்றே வரும் ஜி கால் அங்குல மரையுள்ளதை வாங்குங்கள்.

அதற்கும் மேலே அக்வா கம்ப்யூட்டர் நிறுவனத்தின் ஹை ஃப்ளோ நெக்ஸ்ட் போன்றவை. ஓட்டம், வெப்பநிலை, தண்ணீரின் தரம் மூன்றையும் தன் திரையிலேயே காட்டும். இரண்டு ரேடியேட்டர், கிராஃபிக்ஸ் கார்டுக்கும் பிளாக் (சிப்பின் வெப்பத்தைத் தண்ணீருக்குக் கடத்தும் பகுதி) என்று பெரிதாகக் கட்டியவருக்கு இது தகும். ஒற்றை பிளாக் வைத்திருப்பவருக்கு வீண்செலவு.

எந்த எண் போதும்? 300 வாட் வெப்பத்தை நிமிடத்துக்கு 1 லிட்டர் தண்ணீர் சுமந்தால் அது சுமார் 4.3 டிகிரி சூடாகும். 4 லிட்டர் என்றால் 1 டிகிரிதான். அதற்கு மேல் பம்பை விரட்டினால் சத்தம்தான் மிச்சம். 3, 4 லிட்டர் தாராளம். புதிதாகப் பொருத்திய நாளில் வரும் எண்ணைக் குறித்து வையுங்கள். இனி அதுதான் உங்கள் அளவுகோல். மாதக்கணக்கில் மெல்ல இறங்கினால் பிளாக்கின் மெல்லிய செப்புத் தகடுகளுக்கிடையே அடைப்பு. திடீரென்று பூஜ்யம் என்றால் முதலில் வெப்பநிலையைப் பாருங்கள்: அது ஏறாவிட்டால் சக்கரத்தில் தூசி சிக்கியிருக்கிறது, ஏறினால் உடனே அணைத்துவிடுங்கள். அதனால்தான் சென்சாரோடு ஒரு வெப்பநிலை உணரியும் வேண்டும் என்கிறேன்.

தர்மபுரிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. நம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அதற்காகவே ஜப்பான் கடனுதவியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்தது. அந்தக் காவிரித் தண்ணீர் குடிக்க நல்லது, ஆனால் அதிலும் சுண்ணாம்பும் உப்பும் உண்டு, சூடுபட்டால் படியும். டிஸ்டில்டு வாட்டரும் பாசி பிடிக்காமல் இருக்க மருந்தும்தான் ஊற்ற வேண்டும்.

புதிதாகக் கட்டுபவர் பல்ஸ் சென்சார், வெப்பநிலை உணரி இரண்டையும் முதல் நாளே பொருத்திவிடுங்கள். பிறகு பொருத்துவதென்றால் தண்ணீர் முழுவதையும் வடிக்க வேண்டியிருக்கும்.